வலது கை, கட்டைவிரலில் இருந்து

மாஸ்டரக்கா முதலில் காலிங் பெல்லின் சுவிட்சை அணைத்தாள். பிறகு மாடிப்படியில் பாதிவரை ஏறி, மாடி வீட்டு அக்காவைக் கூப்பிட்டு, மூன்று மணியிலிருந்து நான்கு மணிவரை வாஷிங் மெஷின் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள்.

"ஏன், யாருக்காவது உடம்பு முடியலையா?"

"இல்லக்கா. அவரைப் படுக்க வைக்கணும்."

"ஆம்பளைங்க படுக்கறதுக்கு ஊரைக் கூட்டிச் சொல்லணுமா? எங்க வீட்டுல உக்காந்த இடத்துலயே குறட்டை வருது."

"தூங்கறதுக்கு இல்லக்கா. தூங்காம படுக்கறதுக்கு. அதுதான் கஷ்டமாம்," என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தாள்.

முன்னறையில் நாற்காலிகளைச் சுவரோரம் ஒதுக்கியிருந்தாள். தரையில் விரித்த பாயை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தாள். முதுகெலும்பு உறுத்தும் என்று தோன்றியது. கட்டில் மெத்தையின் விரிப்பை இரண்டாக மடித்து அதன்மேல் போட்டாள். தலைக்கு உயரமாக எதுவும் கூடாது என்று ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் இருந்ததால், தலைமாட்டில் ஒரு துண்டை மட்டும் மடித்து வைத்துவிட்டு, தலையணையை முழங்கால் வரும் இடத்துக்குத் தள்ளினாள். அசையாமல் கிடந்தால் உடம்பு குளிர்ந்துவிடும், போர்வை ஒன்று. கண்ணின் மேல் போட ஒரு கைக்குட்டை. மின்விசிறியை இரண்டில் வைத்தால் டக் டக் என்றது, ஒன்றில் வைத்தால் சுற்றவே யோசித்தது. மூன்றில் வைத்துவிட்டு இன்னொரு போர்வை கொண்டுவந்தாள். திரைச்சீலையின் நடுவே விழுந்த வெயில் கோட்டைத் துணி காயப்போடும் கிளிப் ஒன்றால் அடைத்தாள். டிரைவிங் ஸ்கூலில் பதினோரு வருடமாக வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள் அவள். சீட், கண்ணாடி, பெல்ட், நியூட்ரல் என்று வரிசையாகச் சரிபார்க்காமல் யாரையும் சாவியைத் தொட விட்டதில்லை. இருபது வகுப்பில் கற்றுக்கொடுக்க முடியாத விஷயம் உலகத்தில் கிடையாது என்பது அவள் கட்சி. கல்லூரிப் பையன்களும் அறுபது வயதில் ஓய்வு பெற்றவர்களும் ஒரே மாதிரி அவளை மாஸ்டரக்கா என்றே கூப்பிட்டார்கள். மனநிலை நன்றாக இருக்கும் நாட்களில் அவள் கணவர்கூட 'மாஸ்டர்' என்பார். கடந்த நான்கு மாதத்தில் அப்படிக் கூப்பிட்டது இரண்டு தடவைதான் இருக்கும்.

அவர் மரச்சாமான் செய்யும் பட்டறையில் இழைப்பு மிஷின் ஓட்டுகிறவர். தச்சர்கள் அங்குலத்தை எட்டாகப் பிரித்து ஒரு பங்கை நூல் என்பார்கள். அதில் கால் பங்கு ஏறியிருந்தாலும் பலகையின்மேல் விரலை ஓட்டியே கண்டுபிடித்துவிடுவார் என்பதால், பட்டறையில் அவருக்கு நூலண்ணன் என்றே பெயர். நான்கு மாதத்துக்கு முன்னால், கணு இருந்த ஒரு பலகை மிஷினுக்குள் மாட்டித் துள்ளியதில், வலது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் போய்விட்டன. ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். காயம் ஆறிவிட்டது, தையல் பிரித்தாகிவிட்டது. ஆனால் போன விரல் வலியை எடுத்துக்கொண்டு போகவில்லை. இல்லாத மோதிர விரலை யாரோ உள்ளங்கைக்குள் மடக்கி, நகம் பதியப் பதிய அழுத்துவது போல இருக்கும். ஒரு நாளைக்கு நான்கைந்து முறை. சாப்பாட்டின் நடுவில் வரும், சவரம் செய்யும்போது வரும். வந்தால் அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். மாத்திரை போட்டால் வயிறு எரிந்தது, விரல் அப்படியே இருந்தது.

ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோ பெண்தான் இதைச் சொன்னாள். "விரல் போனது கைக்குத் தெரியும்ணா, மூளைக்கு இன்னும் தகவல் போகல. அது பாட்டுக்கு அந்த விரலை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே இருக்கு."

"தகவல் யார் சொல்றது?"

"நீங்கதான். ஆனா அதட்டிச் சொல்லக்கூடாது. உடம்பு மொத்தத்தையும் தளர்த்திட்டு, நிதானமா சொல்லணும்."

யோகாவில் படுத்தபடியே செய்யும் பயிற்சி அது. ஒரு குரல் உறுப்புகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லும். படுத்திருப்பவர் அந்த இடத்தை மனதால் தொட்டுவிட்டு நகர வேண்டும். பிசியோ பெண் ஒரு ஒலிப்பதிவைப் போனில் அனுப்பியிருந்தாள். அதே வாசகங்களை அச்சடித்த மூன்று தாள்களையும் கொடுத்திருந்தாள்.

நூலண்ணன் முகம் துடைத்துக்கொண்டு வந்து, சலூனில் நாற்காலி காலியாகக் காத்திருக்கிறவர் மாதிரி பாயின் அருகே நின்றார். "எந்தப் பக்கம் தலை?" என்று கேட்டுவிட்டுப் படுத்தார். போர்வையை அவள் கழுத்துவரை இழுத்துவிட்டு, போனைத் தட்டினாள். புல்லாங்குழல் வந்தது. அதன் பின்னால் தண்ணீர் ஓடியது. குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற குரலில் ஒரு ஆள், 'நீங்கள் ஒரு நீரோடையின் கரையில் படுத்திருக்கிறீர்கள்' என்றான். இரண்டு நிமிடம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"எனக்கு ஒண்ணுக்கு வருது," என்றார் நூலண்ணன், கைக்குட்டைக்கு அடியிலிருந்து.

போய்விட்டு வந்து மறுபடி படுத்தார். மறுபடி நீரோடை. இந்த முறை தாண்டிப் போனார்கள். வலது கை, கட்டைவிரல். ஆள்காட்டி விரல். நடுவிரல். மோதிர விரல் என்று குரல் சொன்ன மறுநொடியே அவர் போர்வையை உதறிவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"இவன் யாருக்குச் சொல்லிக்கிட்டிருக்கான்?" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. எழுந்து பின்பக்கம் போய்க் குழாயடியில் நின்றுகொண்டார். புல்லாங்குழல் மட்டும் காலியான பாய்க்கு வாசித்துக்கொண்டிருந்தது.

மாஸ்டரக்கா அதை அணைத்தாள். அவளுக்கு வருத்தம் இல்லை. சிக்னலில் வண்டி நின்றுபோய், பின்னால் பத்து ஹாரன் கத்தினாலும், 'ஒண்ணுமில்ல, மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க' என்பதைத் தவிர அவள் எந்த மாணவரிடமும் எதுவும் சொன்னதில்லை. தாள்களையும் ஒரு பென்சிலையும் எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தாள். புல்லாங்குழல்காரன் வேண்டாம், நானே படிக்கிறேன் என்று முடிவு செய்ததும் பாதி வேலை முடிந்த மாதிரி இருந்தது. நீரோடையை முழுசாக அடித்தாள். வலது கைக்கு வந்தாள். பென்சில் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு மோதிர விரல், சுண்டு விரல் என்ற இரண்டின் மேலும் மெல்லிய கோடு இழுத்தாள். நடுவிரலிலிருந்து நேராக உள்ளங்கைக்கு ஒரு அம்புக்குறி போட்டாள்.

மறுநாள் அவள் படித்தாள். பதினோரு வருடமாக லாரிச் சத்தத்தின் மேலே ஏறி ஏறிப் பழகிய குரல் அது. "வலது கை. கட்டைவிரல். பாருங்க, அவசரமே இல்ல. ஆள்காட்டி விரல். மெதுவா. மெதுவா விடுங்க. அப்படியே விடுங்க."

போர்வை குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து கைக்குட்டையைத் தூக்கினாள். சிரித்துக்கொண்டிருந்தார்.

"விரலை விடச் சொல்றியா, கிளட்சை விடச் சொல்றியா?"

நான்கு மாதத்தில் அந்த வீட்டில் அவர் சிரித்தது அதுதான் முதல் முறை. அதற்காகவே இன்னும் இரண்டு நாள் அப்படியே படித்திருக்கலாம். ஆனால் வேலை என்று வந்துவிட்டால் அவள் அரைகுறையாக விடுகிறவள் இல்லை. மதிய இடைவேளையில் பயிற்சி வண்டியின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, தாளை ஸ்டியரிங்கில் சாய்த்து, போனில் தன் குரலைப் பதிந்து கேட்டாள். தொண்டையிலிருந்து பேசினால் அதட்டுவது போல இருந்தது. நெஞ்சிலிருந்து பேசினால் ரகசியம் சொல்வது போல இருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு இடம் இருந்தது. ராத்திரிப் பயணத்தில் பக்கத்து சீட்டுக்காரர் தூங்கும்போது, பின் சீட்டில் விழித்திருப்பவரிடம் பேசுகிற குரல். அதைப் பிடித்துக்கொண்டாள். நான்காவது நாள் அவர் கண்ணை மூடிய ஐந்தாவது நிமிடத்தில் மூச்சு இறங்கி நீண்டது. தாடை தளர்ந்தது. தோளில் இருந்த முடிச்சு கரைவது போர்வைக்கு மேலேயே தெரிந்தது. மாடி வீட்டு அக்கா மூன்று மணிக்குத் தன் வீட்டு ஜன்னலோரம் பாய் விரித்துப் படுத்துக்கொள்கிறாள் என்பது பின்னால்தான் தெரியவந்தது.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது, விரல் வலியைத் தவிர. அது பழைய கணக்கில்தான் வந்தது.

ஒரு வாரம் கழித்து, அவள் நடுவிரலிலிருந்து உள்ளங்கைக்குப் போனபோது, அவர் கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"தினமும் ரெண்டு ஸ்டாப்பிங்ல நிறுத்தாமலே போறே."

அவளுக்குப் புரிந்தது. தாளை மடியில் வைத்தாள். "இறங்கறதுக்கு ஆள் இல்லன்னு நினைச்சேன்."

"ஆள் அங்கேயேதான் நிக்குது. நீ தாண்டிப் போறதைப் பார்த்துக்கிட்டே நிக்குது."

பென்சில் கோட்டுக்கு அடியில் எழுத்துகள் தெளிவாகத்தான் இருந்தன. முதலிலிருந்து தொடங்கினாள். கட்டைவிரல். ஆள்காட்டி விரல். நடுவிரல். அடுத்ததற்கு முன்னால் அவர் கையைப் பார்த்தாள். இருபத்தோரு வருடம் அந்தக் கையைப் பிடித்திருக்கிறாள். குழந்தை இல்லை என்று டாக்டர் முடிவாகச் சொன்ன நாளில், பஸ்ஸில் வீடு வரும்வரை அந்தக் கைதான் இவள் கையை விடாமல் வைத்திருந்தது. ஐந்து விரலும் ஐந்து விரலும் கோத்து.

"மோதிர விரல்," என்றாள். காத்திருந்தாள். ஒரு ஆள் படியிறங்கி நடைபாதை ஏறும் நேரம் அளவுக்குக் காத்திருந்தாள். "சுண்டு விரல்."

அவர் கண்ணோரத்திலிருந்து காதுப் பக்கமாக ஒரு நீர்க்கோடு இறங்கியது. அவள் நிறுத்தவில்லை. உள்ளங்கை, மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று உடம்பின் வழியாகக் கால் விரல் வரை போய்த்தான் நின்றாள்.

எழுந்து உட்கார்ந்ததும் அவர் வலது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "மடங்கியே இருந்துச்சில்ல, அது கொஞ்சம் விரிஞ்சுச்சு. நகம் குத்தறது விட்டுச்சு. இப்பவும் இருக்கு, ஆனா சும்மா இருக்கு." பிறகு, "அஞ்சு விரலும் ஒண்ணா இருக்குமான்னு இனிமே யாரும் என்கிட்ட பழமொழி கேக்க முடியாது பார், மாஸ்டர்," என்றார்.

அதன் பிறகு நாளொன்றுக்கு மூன்று, இரண்டு என்று வலி குறைந்தது. பிசியோ பெண் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, "யாரு படிக்கறாங்க?" என்று கேட்டாள். மாஸ்டரக்கா அவள் முன்னால் அடக்கமாக உட்கார்ந்திருந்தாலும், வெளியே வந்து வண்டியைக் கிளப்பும்போது, இருபது வகுப்புகூட ஆகவில்லையே என்று நினைத்துக்கொண்டாள்.

பயிற்சியின் தொடக்கத்திலும் முடிவிலும் சங்கல்பம் என்று ஒன்று உண்டு. படுத்திருப்பவர் தனக்குத்தானே சின்னதாக ஒரு வாக்கியத்தை மூன்று முறை மனதுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். 'வேண்டாம்', 'மாட்டேன்' எல்லாம் வரக்கூடாது. நடந்துவிட்டது போலவே சொல்ல வேண்டும். யாரிடமும் வெளியே சொல்லக்கூடாது. அந்த ஒன்றரை நிமிடம் மாஸ்டரக்கா பேசாமல் உட்கார்ந்திருப்பாள். அவர் உதடு லேசாக அசையும். என்ன சொல்கிறார் என்று தெரியாது. முதலில் அது அவளைத் தொந்தரவு செய்யவில்லை. பட்டறை முதலாளியின் போன் வந்த பிறகு தொந்தரவு செய்தது.

முதலாளி நல்ல மனிதர். ஷோரூமில் வருகிறவர்களுக்கு மரத்தைப் பற்றி விளக்கிச் சொல்ல ஒரு ஆள் வேண்டும், சம்பளத்தில் குறைவில்லை, நாற்காலி போட்டு உட்காரலாம் என்றார். இல்லை, மிஷினுக்கே வருகிறேன் என்றால் அதற்கும் வழி செய்கிறேன் என்றார். "திங்கக்கிழமை சொல்லுங்க, நூலண்ணே. உங்க இஷ்டம்தான்."

நாற்காலிதான் என்று மாஸ்டரக்கா அந்த நிமிடமே தீர்மானித்துவிட்டாள். அவரிடம் கேட்டால், "பாப்போம்" என்றார். இரண்டு நாள் கேட்டாள், இரண்டு நாளும் பாப்போம். மூன்றாம் நாள், வியாழக்கிழமை, வழக்கம்போல எல்லாம் விரித்து, படுக்க வைத்து, விரல்களையெல்லாம் தாண்டி, சங்கல்பத்துக்கு வந்தாள். அவர் முகம் ஒரு குழந்தையின் முகத்தைப் போலத் திறந்து கிடந்தது. எதைப் போட்டாலும் உள்ளே போய்விடும் போலிருந்தது. அவள் முன்கூட்டி நினைத்திருக்கவில்லை. குரல் தானாகவே அந்த நடு இடத்தைக் கண்டுபிடித்துக்கொண்டு போனது.

"நீங்க ஷோரூம்ல உக்காந்திருக்கீங்க. நாற்காலி வசதியா இருக்கு. நிழலா இருக்கு. பாதுகாப்பா இருக்கு. மனசு நிறைஞ்சிருக்கு."

அவர் உதடு அசைவது நின்றது. அவ்வளவுதான். மீதியை முடித்தாள்.

டீ போட்டுக் கொண்டுவந்தபோது அவர் டம்ளரை மூன்று விரலால் வாங்கி, விளிம்பைப் பார்த்தபடி சொன்னார்: "இன்னிக்குத் தாள் மாறிடுச்சு போலிருக்கே."

பொய் சொல்ல ஒரு வினாடி இருந்தது. அவள் அதைப் போக விட்டாள். "நான்தான் சேர்த்தேன்."

அவர் இரண்டு மடக்கு குடித்தார். "நான் அங்க கண்ணை மூடிக்கிட்டுக் கிடக்கறது உன்னை நம்பித்தான். ஓட்டறவன் கையை மீறி நீ ஸ்டியரிங்கைத் திருப்பினா, வண்டி திரும்பும். அவன் என்ன கத்துக்குவான்?"

பதினோரு வருடமாக அவள் மற்ற ஆசிரியர்களிடம் சொல்லிவரும் வாசகம்தான் அது. கோபப்பட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அவர் நிதானமாகச் சொன்னது அவளை உட்கார வைத்துவிட்டது.

"நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்போ உங்க செருப்பை எடுத்துட்டு வர நான்தான் பட்டறைக்குப் போனேன்," என்றாள். "மிஷினைத் துடைச்சு வச்சிருந்தாங்க. எண்ணெய் போட்டு, பளபளன்னு. அது மேல ஒரு சொட்டு கறை இல்ல. ஒண்ணுமே நடக்காத மாதிரி அது பாட்டுக்கு நிக்குது. ரத்தம் கிடந்திருந்தா அழுதுட்டு வந்திருப்பேன். அந்தச் சுத்தம்தான் எனக்கு இன்னும் கண்ணுக்குள்ளேயே நிக்குது."

"இதை ஏன் நாலு மாசமா சொல்லல?"

"உங்க வலியே பெருசா இருந்துச்சு. இதுல நான் வேறயா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு எழுந்துபோய் அவள் டம்ளரையும் சேர்த்து எடுத்துக் கழுவி வைத்தார். மறுநாள் மூன்று மணிக்கு அவள் பாயை விரித்ததும், "இன்னிக்கு நீ படு," என்றார்.

"எனக்கு என்ன வலி?"

"படு, மாஸ்டர்."

படுத்தாள். துண்டு தலைக்குக் கீழே சற்று உயரமாக இருந்தது. இத்தனை நாள் இதை அவர் சொல்லவே இல்லை. கூரையில் மின்விசிறி சுற்றியது. அவர் கைக்குட்டையை அவள் கண்மேல் போட்டதும் இருட்டில் அவர் குரல் மட்டும் வந்தது. அவருக்குச் சத்தம் போட்டுப் படித்துப் பழக்கமில்லை. சொல்லுக்குச் சொல் நின்று, பலகையை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அடுக்குகிறவர் மாதிரி வைத்தார். வலது கை. கட்டைவிரல். தன் கட்டைவிரல் இவ்வளவு கனமாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. மோதிர விரல் என்று அவர் தன் வாயால் சொன்னபோது அவளுடையது அங்கே முழுசாக, சூடாக இருந்தது. அதற்காக வெட்கமாகவும் இருந்தது, நன்றியாகவும் இருந்தது. இடுப்பு, தொடை, முழங்கால். பாதத்துக்கு வந்ததும் குரல் நின்றது.

"வலது பாதத்தை விடு."

"விட்டுட்டேனே."

"இல்ல. அழுத்திக்கிட்டிருக்கே. அங்க பிரேக் ஒண்ணும் இல்ல."

உண்மைதான். பயிற்சி வண்டியில் அவள் காலடியில் இன்னொரு பிரேக் உண்டு. எந்த நேரமும் மிதிக்கத் தயாராக இருக்கும் கால். படுத்திருக்கும்போதும் கெண்டைச் சதை கல்லாக இருந்தது. விடு என்றால் விடத் தெரியவில்லை. அவர் காத்திருந்தார். அடுத்த உறுப்புக்குப் போகவில்லை. எவ்வளவு நேரமோ, ஒரு கட்டத்தில் பாதம் தானாக வெளிப்பக்கம் சாய்ந்தது.

சங்கல்பம் என்றார். பிறகு மௌனம். அவள் அவசரமாகத் தேடினாள். அவருக்கு ஒன்றும் ஆகாது. அது அவள் தரக்கூடிய வாக்கு இல்லை. நான் பயப்பட மாட்டேன், மாட்டேன் வரக்கூடாது. நான் தைரியமாக இருக்கிறேன். அது ஏற்கெனவே இருக்கிறதே, அதைவைத்துத்தானே இத்தனை நாள் வண்டி ஓடுகிறது. ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்துப் பார்த்து, திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள். அவர் எதுவும் சொல்லித்தரவில்லை. அந்த அமைதியின் நீளம் அவளுக்குப் புதிதாக இருந்தது. அதன் நடுவில் எங்கேயோ அவள் தூங்கிப்போனாள்.

கண் விழித்தபோது திரைச்சீலையில் வெயில் நிறம் மாறியிருந்தது. மணி ஐந்தரை.

"வகுப்பு," என்று எழப் பார்த்தாள்.

"போன் பண்ணிச் சொல்லிட்டேன். மாஸ்டர் தூங்கறாங்கன்னு. அவங்களுக்குப் பரம சந்தோஷம்."

அவர் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு மரத்துண்டு. அதை அவளிடம் நீட்டினார். இஸ்திரிப் பெட்டியின் அளவு இருக்கும். அடிப்பக்கம் தட்டை, மேலே ஒரு கைப்பிடி. பலகையைக் கையால் தொடாமல் இதை வைத்துத் தள்ளினால் போதும், கத்திக்கும் கைக்கும் நடுவே எப்போதும் ஒரு சாண் இருக்கும் என்றார். இரண்டு வாரமாக, அவள் காலை வகுப்புக்குப் போனபின், இடது கையால் செதுக்கியிருக்கிறார். அவள் அதைப் பிடித்துப் பார்த்தாள். கைப்பிடியில் விரல்களுக்காகக் குடைந்திருந்த பள்ளங்கள் அவள் கைக்குச் சரியாக உட்காரவில்லை. அவளுக்கு இரண்டு விரல் அதிகமாக இருந்தது.

கொஞ்ச நேரம் அதை மடியிலேயே வைத்திருந்தாள். விபத்தில் சிக்கியவர்கள் சிலர் அவளிடம் வந்திருக்கிறார்கள். இனி வண்டியே வேண்டாம் என்றவர்களை அதே வாரத்தில் ஸ்டியரிங்கில் உட்கார வைத்தவள் அவள். அவர்களுடைய வீட்டார் பின் சீட்டில் எப்படி உட்கார்ந்திருந்தார்கள் என்று இத்தனை வருடத்தில் ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லையே என்று இப்போது தோன்றியது. முதுகை நிமிர்த்திக்கொண்டு, லைசென்ஸ் தேர்வில் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"கத்திக்கு மூடி?"

"முதலாளி புதுசு போட்டாச்சு. நேத்துதான் வந்துச்சாம்."

"பக்கத்துல ஆள்?"

"ஆள் இல்லாம சுவிட்ச் போடறதில்ல."

"கணு இருக்கற பலகை?"

"ஆறு மாசத்துக்கு வேற ஆள் பாப்பாங்க."

"நடுவுல விரல் வலிச்சா?"

"முழங்காலால தட்டினா நிக்கற மாதிரி சுவிட்ச் மாத்தச் சொல்லியிருக்கேன். தட்டிட்டு வெளிய வந்து நின்னுக்குவேன். உன் குரல்ல கட்டைவிரல்ல இருந்து ஒருதடவை போயிட்டு வந்தா சரியாயிடுது இப்பல்லாம்."

அவள் தலையசைத்தாள். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. "அப்போ நீங்க தினமும் மனசுக்குள்ள சொன்னது இதுதானா? மிஷினுக்குத் திரும்பப் போறது?"

"இல்ல."

"பின்னே?"

"வேலையைப் பத்தியே இல்ல," என்றார். கைப்பிடிக் கட்டையை வாங்கி, அதன் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எழுந்து போர்வைகளை உதறி மடித்தாள். மடித்துக்கொண்டே, "மூணு மணிக்கு வீட்டுக்கு வந்துடணும். ஒரு மாசத்துக்காவது. முதலாளிகிட்ட நான் பேசிக்கறேன்," என்றாள். "சரி, மாஸ்டர்," என்றார்.

திங்கட்கிழமை அவரைப் பட்டறை வாசலில் இறக்கிவிட அவள் விரும்பினாள். அவர் நடந்தே போகிறேன் என்றார். பத்து மணிக்கு அவளுக்கு ஒரு பல் டாக்டருடன் வகுப்பு. ஐம்பது வயதுக்காரர், எத்தனையோ பேரின் வாய்க்குள் நடுங்காமல் ஊசி போட்ட கை, மேட்டில் வண்டியை நிறுத்திக் கிளப்பச் சொன்னால் மட்டும் நடுங்கியது. ஊரில் மேடுகளுக்குப் பஞ்சமில்லை. மாஸ்டரக்கா பட்டறைக்குப் பின்னால் ஏறும் தெருவுக்கு அவரைக் கூட்டிப்போனாள். நடு மேட்டில், பட்டறையின் தகரச் சுவர் ஓரமாக, "இங்க நிறுத்துங்க. ஹேண்ட்பிரேக்கைப் போடுங்க. இன்ஜினை அணைச்சிடுங்க," என்றாள். கண்ணாடியை இறக்கினாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். பலகை ஒன்றை இழுத்துப் போடும் சத்தம். பிறகு மிஷின் கிளம்பியது. தாழ்வாகத் தொடங்கி, ஏறி ஏறி, ஒரே சுருதியில் போய் நின்றது. வெறுமனே சுற்றும் கத்தியின் மெல்லிய, நீளமான கூவல். அவள் தாடை இறுகியிருந்தது. அதைத் தளர்த்தினாள். கூவல் போய்க்கொண்டே இருந்தது. சட்டென்று அது தடித்து, கரகரத்து, கீழே இறங்கியது. மரம் உள்ளே போகிறது. அவள் எண்ணவில்லை, கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாள். கரகரப்பு ஓரிடத்திலும் உடையாமல் கடைசிவரை போய், மறுபடி மேலே ஏறி, பழைய கூவலானது. பலகை வெளியே வந்துவிட்டது. தகரச் சுவரின் ஓட்டை வழியாக மரத்தூள் புகைபோல வந்து வெயிலில் நின்றது.

"கிளப்பலாமா, மாஸ்டரக்கா?" என்றார் பல் டாக்டர்.

"கொஞ்சம் இருங்க."

அவர் ஹேண்ட்பிரேக்கில் கையை வைத்தபடி அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மரத்தூள் மெதுவாக இறங்கி, வண்டியின் முன்கண்ணாடியில் மஞ்சளாகப் படிந்தது. சுவருக்கு அப்பால் கூவல் மறுபடியும் தடித்துக் கீழே இறங்கியது.